காணாத எசமானும் காண்கின்ற இறைவனும்

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணைக்கு அருகே அமைந்த ஊர் வடக்கனந்தல். மலைச்சரிவில் ஆடு மேய்ப்பவனுக்குப் பகல் முழுவதும் எசமானின் முகம் தென்படுவதில்லை. ஆட்டுக்கு உரியவர் ஊருக்குள் இருக்கிறார். ஆடுகளோ மேய்ப்பவனின் கையில் இருக்கின்றன. இருவரையும் பிணைத்து நிற்பது நம்பிக்கை ஒன்றே. அதே ஊரில் பட்டம் பெற்ற ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ இன்று கணினியின் முன் அமர்ந்து, முகம் அறியாத ஒருவருக்காக இணையவழியே வேலை செய்ய விழைந்தால், அவர் ஏற்பதும் மேய்ப்பனின் தொழிலைத்தான்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றின் பொருட்டு நாடு முடக்கப்பட்டபோது அலுவலகங்கள் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. அதன் பின்னர், ஊரைவிட்டுப் போகாமலே ஊதியம் பெறலாம் என்னும் எண்ணம் சிற்றூர்களிலும் வேர்விட்டது. நம் குடும்பங்களுக்கு இது சிறிய செய்தியன்று. தந்தை வளைகுடாவில், பிள்ளைகள் ஊரில் என்று வாழ்ந்து பழகியவர்கள் நாம். பெற்ற பட்டத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்த பெண்மக்களும் நம் இல்லங்களில் குறைவல்லர். பிரிவின்றி இரணம் தேடும் வழி ஒன்று திறக்கிறது என்றால், அதனை நாம் மகிழ்ந்தே வரவேற்க வேண்டும்.

ஆனால் புதியவர் அவ்வழியில் காலடி வைத்தவுடனே ஒரு முட்டுக்கட்டை எதிர்ப்படுகிறது. அழைப்போர் எல்லோரும் அனுபவம் கேட்கின்றனர். வேலை இன்றி அனுபவம் ஏது? அனுபவம் இன்றி வேலை ஏது? இந்த இடுக்கில்தான் மனம் மெல்லக் கேட்கிறது: “மூன்றாண்டு அனுபவம் உண்டு என்று எழுதினால் என்ன? நண்பன் செய்ததை நம் வேலை என்று காட்டினால் என்ன? யார் வந்து பார்க்கப் போகிறார்கள்?” கேட்பது பேராசையன்று, பெரும்பாலும் வீட்டுத் தேவையே அவ்வாறு கேட்க வைக்கிறது. ஆகையால் இதனை ஏளனம் செய்து தள்ளிவிடாமல் விடை தேடுவதே முறை.

இப்னு உமர் (ரலி) அவர்களைப் பற்றிய ஒரு நிகழ்ச்சி நம்மில் பலர் அறிந்ததே. மதீனாவின் புறத்தே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அடிமையை அவர்கள் சோதிக்க எண்ணினார்கள். ஓர் ஆட்டை விலைக்குக் கேட்டார்கள். அது எசமானுடையது என்றான் அவன். ஓநாய் தின்றுவிட்டதாகச் சொல்லிவிடு என்றார்கள். அப்படியானால் அல்லாஹ் எங்கே என்று அவன் திருப்பிக் கேட்டான். அந்தக் கேள்வியில் உருகிய இப்னு உமர் (ரலி), அவனை விலைக்கு வாங்கி விடுதலை செய்து, ஆடுகளையும் அவனுக்கே அளித்தார்கள் என்பது வரலாறு.

அண்ணல் நபி (ஸல்) அவர்களும் இளமையில் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்தவர்களே. பின்னர் கதீஜா நாயகி (ரலி) அவர்களின் சரக்கை ஏற்றுக்கொண்டு ஷாம் நாட்டுக்குச் சென்றார்கள். முதலாளி மக்காவில், வணிகமோ பல நாள் பயணத் தொலைவில். அந்தப் பெருமாட்டி தம் பொருளை ஒப்படைத்தது, ஊரார் ‘அல்அமீன்’ என்று அழைத்த நற்பெயரை நம்பியே. எட்டாத தூரத்து வேலைக்கு மூலதனம் எது என்பதை இதனினும் தெளிவாகச் சொல்ல இயலாது.

நம் ஃபிக்ஹு நூல்கள் கூலியாளரை இரு வகையாகப் பிரிக்கின்றன. குறித்த நேரத்தை ஒருவருக்கே விற்றவர் ‘அஜீர் காஸ்’. குறித்த பணியை முடித்துத் தர ஒப்புக்கொண்டவர் ‘அஜீர் முஷ்தரக்’. இணைய வேலையிலும் இவ்விரு வகையே உண்டு. பணிக்கு விலை பேசியவர் தகுந்த கருவியின் துணையோடு விரைந்து முடித்தால், கொடுத்தவர் அதைத் தடுத்திராத வரையில், குற்றமில்லை. மணிக்கு விலை பேசியவர் உழைக்காத மணியைக் கணக்கில் எழுதினால், அது பிறர் பொருளை எடுத்ததாகும். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்க ஒரு தனி அத்தியாயமே, 83ஆம் அத்தியாயம், திருமறையில் உள்ளது. தராசுக்குச் சொன்னது கடிகாரத்துக்கும் பொருந்தும்.

உலகம் இதற்குக் காவல் வைத்துப் பார்க்கிறது. அப்வொர்க் என்னும் தளத்தில், மணிக்கணக்கில் உழைப்போரின் கணினித் திரையை 10 நிமிடத்துக்கு ஒரு முறை படம் பிடிக்கும் ஏற்பாடு இருக்கிறது. காவல் வந்தால் காவலை ஏய்க்கும் வித்தையும் வருகிறது. விசைப்பலகையில் வேலை நடப்பதுபோல் பொய்த்தோற்றம் காட்டியதற்காக அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி 2024இல் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்ட ஊழியரைப் பணிநீக்கம் செய்தது. படம் பிடிக்கும் கருவி திரையைக் காணும், நிய்யத்தைக் காணாது. மேய்ப்பனின் கேள்வி உள்ளத்தில் இல்லாதவனுக்கு எத்தனை கருவி வைத்தும் பயனில்லை.

ஏமாற்றுபவர்கள் மறுபுறத்திலும் இருக்கின்றனர். பகுதிநேர வேலை என்ற பெயரில் மோசடி செய்த 100க்கும் மேற்பட்ட இணையதளங்கள் முடக்கப்பட்டதாக 2023 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. முதலில் சில நூறு ரூபாய் தந்து நம்ப வைப்பார்கள். பின்னர் முன்பணம் கட்டச் சொல்வார்கள். வேலை தருவதற்கு முன்பே பணம் கேட்பவரை விட்டு விலகுக. உங்கள் வங்கிக் கணக்கில் வரும் பணத்தை வேறொருவருக்கு அனுப்பிக் கழிவு எடுத்துக்கொள்ளுங்கள் என்பவரை விட்டு ஓடுக. அது பெரும்பாலும் வேறோர் ஏழையிடம் களவாடிய பணம். ஏமாந்துவிட்டால் வெட்கத்தால் மறைக்காமல் 1930 என்னும் எண்ணில் உடனே முறையிடுக. ஏமாந்தது பாவமன்று, ஏமாற்றுவதே பாவம்.

அப்படியாயின் புதியவர் என் செய்வது? “நான் புதியவன்” என்று வெளிப்படையாக எழுதுவது. அதன் கீழே தம் கையால் செய்ததைக் காட்டுவது. மஹல்லா ஜமாஅத்தின் வரவு செலவை ஒழுங்கான அட்டவணையாக்கித் தரலாம். மதரஸா நூலகத்துக்குப் பட்டியல் அமைக்கலாம். ஒரு கட்டுரையை மொழிபெயர்க்கலாம். உரியவர் இசைவோடு அதனையே சான்றாக வைக்கலாம். பின்னர் சிறிய வேலை ஒன்றைப் பெற்று, சொன்ன நாளில் முடித்துக் கொடுப்பது. அல்அமீன் என்னும் பெயர் ஒரே நாளில் வந்ததன்று.

உண்மை சொன்னவருக்கு உடனே வேலை கிடைக்கும் என்று நாம் வாக்களிக்க இயலாது. முதல் பத்து விண்ணப்பங்களில் பொய்யர் முந்தவும் கூடும். அந்தக் காத்திருப்பின் சுமையைப் பெற்றோரும் சேர்ந்து சுமக்க வேண்டும். நாள்தோறும் “இன்னும் ஒன்றும் வரவில்லையா?” என்று குத்திக் காட்டும் வீடு, பிள்ளையைப் பொய்யின் பக்கம் தள்ளிவிடுகிற வீடு. மகன் கொணரும் ஆயிரத்தை எண்ணுமுன், அது வந்த வழியைக் கேட்கும் வீடே பரக்கத்துக்கு உரிய வீடு.

மலைச்சரிவில் ஆடுகளோடு தனித்து நிற்பவனையும், கணினியின் முன் தனித்து அமர்ந்திருப்பவளையும் ஒருசேரக் காண்பவன் ஒருவன் இருக்கின்றான். அவ்வுணர்வோடு உழைத்து உண்ணும் நற்பேற்றினை வல்ல நாயன் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக. ஆமீன்.