ஒரு கரண்டிச் சீனியும் ஒழுக்கவியலும்

கொலை தகுமா, பொய் தகுமா, அநீதியான ஆட்சிக்குக் கீழ்ப்படிதல் தகுமா என்பன போன்ற வினாக்களே மெய்யியலாரின் கவனத்துக்கு உரியன என்றும், ஒருவன் காலையில் எதை உண்கிறான், தேநீரில் எத்தனை கரண்டி சீனி இடுகிறான் என்பன வைத்தியரின் கவனத்துக்கு உரியன என்றும் ஒரு பாகுபாடு நிலவுகின்றது. பண்டையோர் இப்பாகுபாட்டை ஏற்றாரல்லர். நிக்கோமாக்கிய ஒழுக்கவியலின் மூன்றாம் நூலில் தன்னடக்கத்தை ஆராயும் அரிஸ்டோட்டில், உணவு, பானம் முதலியவற்றால் வரும் இன்பத்தை வைத்தே அதனை ஆராய்கிறார். ஏழாம் நூலில் மனவுறுதியின்மையை விளக்கப் புகுந்தபோதும் இனிப்புப் பண்டத்தையே உதாரணமாகக் கொள்கிறார். வள்ளுவர் 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்து, அதிற் பெரும்பகுதியை மருந்தைப் பற்றியன்றி உண்ணும் அளவைப் பற்றியே பேசுகிறார்.

ஆயின், உணவுத் தட்டு எழுப்பும் ஒழுக்கவியற் சிக்கல் யாது? அதனை எண்களாற் காண்பது எளிது. இலவச சீனி, அதாவது உணவிலும் பானத்திலும் நாம் சேர்க்கும் சீனியும் தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ளதும், நாளாந்தச் சக்தித் தேவையின் பத்து வீதத்துக்குக் குறைவாக இருத்தல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2015 இல் விதந்துரைத்தது. 2000 கலோரி உண்பவருக்கு இது ஏறத்தாழ 50 கிராம். இதன் பாதியளவு இன்னும் நன்று என்பதும் அந்நிறுவனத்தின் கருத்து. ஒரு தேக்கரண்டிச் சீனி நான்கைந்து கிராம் நிறையுடையது. நாளொன்றுக்கு ஐந்து கோப்பைத் தேநீர், கோப்பைக்கு இரண்டு கரண்டி என்று கொண்டால், விசுக்கோத்தையும் சோடாவையும் தொடுமுன்னரே எல்லை நெருங்கிவிடுகின்றது.

இங்கேதான் புதிர் தோன்றுகின்றது. "இந்த ஒரு கரண்டியால் என்ன வந்துவிடப் போகிறது?" என்று கேட்பவன் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு கரண்டியால் உண்மையில் எதுவும் வருவதில்லை. அடுத்த கரண்டிக்கும் அதே நியாயம் பொருந்தும். மிலேத்தஸ் நகரத்து யூபுலிடீஸ் எழுப்பியதாகக் கூறப்படும் தானியக் குவியற் புதிர் இதுவே: ஒரு மணி குவியலாகாது, குவியலல்லாததுடன் ஒரு மணியைச் சேர்த்தாலும் குவியலாகாது, அவ்வாறாயின் குவியல் எப்போது தோன்றியது? அளவையியல் வகுப்பில் இதனைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். உணவிலோ, ஒவ்வொரு படியும் உண்மையாயிருக்க முடிவிலே புண் ஆறாத காலோடு ஒரு மனிதன் வைத்தியசாலை வாசலில் நிற்கிறான்.

வில்லியம் ஜேம்ஸ் 1890 இல் வெளிவந்த உளவியல் நூலின் 'பழக்கம்' என்னும் அதிகாரத்தில் இதற்கு ஒரு விடை தருகிறார். ஒவ்வொரு முறையும் இம்முறையைக் கணக்கிற் சேர்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்ளும் ஒரு நாடகக் குடிகாரனைக் காட்டி, அவன் சேர்க்காவிடினும் அவனுடைய நரம்புகள் சேர்த்துக்கொள்கின்றன என்கிறார். செயல் சிறிதாயினும் செய்பவனின் இயல்பில் ஒரு தடத்தை விட்டுச் செல்கின்றது என்பது இதன் கருத்து. அரிஸ்டோட்டில் கூறியதும் இதற்கு அண்மையானதே.

எனினும் இவ்விடை முழுமையானதன்று. முடிவெடுப்பவனும் உண்பவனும் ஒருவனே என்பதை இது கேள்வியின்றி எடுத்துக்கொள்கின்றது. நமது நாட்டுத் தேநீர்க் கடையிற் சீனி கலக்கப்பட்டே கோப்பை வருகின்றது. குடிப்பவன் எதனையும் தீர்மானிக்கவில்லை. இதற்கு மாறாக, வெறுந்தேநீரைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கும் யாழ்ப்பாணத்து வழக்கத்தை நோக்குக. பனங்கட்டியும் சீனியின் இனமே. அதற்கு மாய மருத்துவக் குணம் ஏற்றிப் பேசுவோர் கூற்றை இங்கு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் இனிப்பு கோப்பைக்குள் மறையாமற் கையில் இருக்கின்றது. எவ்வளவு கடித்தான், எவ்வளவு எஞ்சியது என்பது கண்ணுக்குத் தெரிகின்றது. சிறு முடிவு முதலில் ஒரு முடிவாக வேண்டும். கரைந்துபோன சீனியில் அதற்கு இடமில்லை.

வீட்டினுள் இக்கேள்வி மேலும் கூர்மையடைகின்றது. நீரிழிவு வந்த குடும்பத் தலைவர் சோற்றைக் குறைத்துக் குரக்கன் பிட்டும் கீரையும் உண்டு உடலைப் பேணுகிறார் எனின், உறவினர் அவருடைய மனக்கட்டுப்பாட்டை வியப்பர். குரக்கன் மாவை வறுத்து, மற்றவர்களுக்கு வேறாகவும் அவருக்கு வேறாகவும் இரண்டு அடுப்பில் சமைத்தவளை வியப்பார் அரிது. அவள் இறுதியாக, எஞ்சியதை உண்கிறாள். அவளுக்கும் நீரிழிவு வருமாயின் அவளுக்காகத் தனியே சமைப்பவர் யார்? நற்பழக்கம் என்று போற்றப்படுவதிற் பெரும்பங்கு பிறருடைய உழைப்பாக இருக்கும்போது, அதன் புகழை ஒருவருக்கும் பழியை இன்னொருவருக்கும் பகிர்ந்தளிப்பது நீதியாகாது.

வீட்டுக்கு வெளியேயும் நிலைமை வேறன்று. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் அரிசி வரத்து அற்றது. கூப்பன் முறை வந்தது. கோதுமை மா மக்கள் உணவாயிற்று. இன்று காலையிற் பாண் வாங்குபவன் தன் விருப்பத்தைப் பின்பற்றுவதாகவே எண்ணுகிறான். அவ்விருப்பத்துக்கு ஒரு போரும் வரலாறும் உண்டு. அரசு மறுதிசையிலும் தலையிட்டுள்ளது. 2016 இல் இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு வர்ணக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருப்பின் சிவப்பு. மறைந்திருந்ததைக் கண்ணுக்குத் தெரியச் செய்தமையால் இது பனங்கட்டியின் வேலையைச் செய்கின்றது எனலாம். தேநீர்க் கடைக் கோப்பைக்கு மட்டும் எக்குறியும் இல்லை.

அவ்வாறாயின் தனிமனிதனுக்குப் பொறுப்பே இல்லையா என வினவலாம். உண்டு, ஆனால் அது ஒவ்வொரு கரண்டிக்குமான பொறுப்பன்று. நாளுக்குப் பத்துமுறை ஆசையோடு மல்லுக்கு நிற்பவன் ஒன்பது முறை வென்றாலும் களைத்துப்போவான். கலக்குமுன் கடைக்காரரிடம் ஒரு சொற் சொல்லுதல், சீனிப் பேணியை மேசையிலிருந்து அகற்றுதல், கறியுப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்தல் ஆகியவை ஒருமுறை செய்தாற் பலமுறை பயன்தருவன. உப்புக் குறைந்த உணவுக்கு நாக்கு சில வாரங்களிற் பழகிவிடுவது அறியப்பட்டதே.

இவற்றுள் கடினமானது விருந்தினனாகச் சென்ற இடத்தில் மறுத்தலாகும். நீட்டிய கோப்பையை வேண்டாமென்பது நீட்டியவரை வேண்டாமென்பதாகவே நம்மவரிடையே கொள்ளப்படும். ஆகவே பலர் உடலைவிட உறவை மதித்துக் குடித்துவிடுகின்றனர். அவர்களைப் பலவீனர் என்பது பொருந்தாது, அவர்கள் ஒரு கடமையை இன்னொரு கடமைக்காக விட்டுக்கொடுத்தவர்கள். முதன்முறை மறுக்கும்போது வீட்டுக்காரியின் முகம் வாடும். நோயைச் சொன்னால் இரக்கம் வரும். சொல்லாவிட்டால் பெருமைக்காரன் என்ற பேச்சு வரும். மூன்றாம் முறை செல்கையில், அவர் கேளாமலே சீனியில்லாத கோப்பை வந்து சேரும், பக்கத்தில் ஒரு சிறு துண்டு பனங்கட்டியுடன்.