அல்வாவுக்கு யார் சாட்சி?

திருநெல்வேலி அல்வாவுக்கு இந்த ருசி எங்கிருந்து வந்தது? டவுனில் வரிசையில் நிற்பவரைக் கேட்டாலும், ஜங்ஷனில் பார்சலோடு பஸ் ஏறுபவரைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: தாமிரபரணித் தண்ணீர். சென்னைக்குக் குடிபோய்விட்ட நெல்லைக்காரர் அதையே சொல்வார். நெல்லையை எட்டிப் பார்த்திராதவரும் சொல்வார். இணையத்தில் அல்வா செய்முறை எழுதுகிறவர்களில் பலர் அந்த வாக்கியத்தை முதல் பத்தியிலேயே வைத்துவிடுகிறார்கள். முதலில் இதைச் சொன்னவர் யார், எதை வைத்துச் சொன்னார் என்று தேடிப் போனால் ஆள் அகப்படுவதில்லை.

பிறர் சொல்லை எப்போது அறிவாக ஏற்கலாம்? நம் தத்துவ மரபுகள் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கு நின்ற கேள்வி இது. தின்பண்டத்தில் தொடங்கினாலும் வேதம், ஆகமம் வரைக்கும் போய் நிற்கும் கேள்வி.

மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில், அளவைவாதி ஒருவர் அறிவுக்கு வழிகள் பத்து என்று பட்டியல் போடுகிறார். அவற்றில் ஒன்று ஐதிகம். அதற்குச் சொல்லப்படும் உதாரணம், இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்வதை நம்பித் தெளிவது. பார்த்தவர் பெயர் தெரியாது. ஆனால் எல்லோரும் சொல்கிறார்கள். தண்ணீர்க் கதையும் இந்த இனம்தான்.

13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் இயற்றிய அருணந்தி சிவாச்சாரியார் இந்தப் பட்டியலைச் சுருக்கினார். ஆறு என்பாரும் பத்து என்பாரும் உண்டு, எல்லாம் காண்டல் (நேரில் காண்பது), கருதல் (ஊகிப்பது), உரை (பிறர் சொல்) என்ற மூன்றுக்குள் அடங்கிவிடும் என்பது அவர் முடிவு. அந்த நூலுக்கு உரை கண்டவர்களில் ஒருவர் இந்த ஆற்றங்கரைப் பிள்ளை. தாமிரபரணி மலையிறங்கி வரும் பாபநாசத்துக்குப் பக்கத்தில், விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து, திருவாவடுதுறை ஆதீனத்தில் சேர்ந்து, 1785-ல் மறைந்த சிவஞான முனிவர். சிவஞான போதத்துக்கு மாபாடியம் எழுதியவரும் அவரே. ஒரு கருத்தை மறுக்கப் புகுந்தால் சொல் சொல்லாகப் பிரித்துப் போட்டுத்தான் விடுவார். அப்படிப்பட்டவர் பிறந்த ஊர்ப்பக்கம், தண்ணீர் என்ற ஒற்றைக் காரணத்தோடு திருப்திப்பட்டுவிடுவது நியாயமில்லை.

கருதலளவையை வைத்தே இதைச் சோதித்துப் பார்க்கலாம். நெருப்பு இருக்கும் இடத்திலெல்லாம் புகை இருக்கும் என்று ஒருவர் சொன்னால், பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் காட்டி, நியாயம் என்ற தர்க்க மரபின் நூலார் மறுப்பார்கள். அங்கே நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈர விறகும் சேர வேண்டும். கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும் இந்த நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். அல்வாவில் உபாதிகள் ஒன்றா இரண்டா? சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் பிழிகிறார்கள். பாலை அசையாமல் வைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தண்ணீரை வடிக்கிறார்கள். அப்புறம் சர்க்கரை, நெய், மணிக்கணக்காக நிற்காத கிளறல். உருளி ஓரத்தில் நெய் கக்கி, கலவை சட்டுவத்தில் ஒட்டாமல் சுருண்டு வரும் நேரத்தைக் கண்டு அடுப்பை அணைப்பவருக்கு அது பல வருடக் கைப்பழக்கம். கோதுமை, நெய், கை இத்தனையையும் ஒதுக்கிவிட்டுத் தண்ணீரை மட்டும் காரணமாக்கினால், நாள் முழுக்க அடுப்படியில் வேகும் மாஸ்டருக்குச் சேர வேண்டிய பேர் ஆற்றோடு போய்விடுகிறது. தண்ணீருக்குப் பங்கே இல்லை என்பதல்ல வாதம். அதே மாஸ்டர், அதே கோதுமை, அதே நெய். தண்ணீர் மட்டும் வேறு என்று இரண்டு உருளி ஏற்றிப் பார்த்தவர் சொன்னால் அதற்கு எடை வேறு.

எடையுள்ள சொல் யாருடையது? நியாய சூத்திரம் அவரை ஆப்தர் என்கிறது. அதற்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் கேட்பவை இரண்டு: பொருளை நேரில் அறிந்திருக்க வேண்டும், அறிந்தபடியே பிறருக்குச் சொல்லும் விருப்பம் இருக்க வேண்டும். இந்த இலக்கணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்று அவர் சேர்த்துச் சொன்னதுதான் பெரிய விஷயம். குலமும் பட்டமும் கணக்கில் வரவில்லை.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே கீழரத வீதியில் இருக்கும் இருட்டுக்கடை இதற்கு நல்ல உதாரணம். மங்கலான விளக்கில் மாலையில் மட்டும் வியாபாரம் நடந்த, பெயர்ப்பலகை இல்லாத கடைக்கு ஜனங்கள் வைத்த பெயர் அது. வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கி, அங்கேயே நின்று வாயில் போட்டுக்கொண்டவர்கள் ஊருக்குத் திரும்பிச் சொன்னார்கள். அது நாக்கு அறிந்த சொல். பின்னால் அதே பெயரைப் பல ஊர்களில் பலகையில் எழுதிக்கொண்டவர்கள் எடுத்துக்கொண்டது அந்தச் சொல்லைத்தான். அதற்குப் பின்னால் இருந்த சாட்சிகளை அல்ல.

தேடுபொறிகளும் இதே இடத்தில்தான் இடறின. லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் வகுத்து 1998-ல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுபவற்றின் மதிப்பு என்ன என்பதை வைத்து வரிசை அமைந்தது. சாராம்சத்தில் அது ஐதிகம்: பலர் சொல்கிறார்கள், ஆகவே முன்னால் வை. காசு கொடுத்துச் சுட்டிகளை வாங்கும் வியாபாரம் பின்னாலேயே முளைத்தது. பிறகு கூகுள், தேடல் முடிவுகளின் தரத்தை மதிப்பிடும் ஆட்களுக்கான கையேட்டில் நிபுணத்துவம், செல்வாக்கு, நம்பகம் ஆகியவற்றைப் பார்க்கச் சொன்னது. 2022 டிசம்பரில் அனுபவத்தையும் சேர்த்தது. எழுதியவர் தானே செய்து பார்த்தாரா என்று கேட்கச் சொல்லும் அந்தக் கையேடு, எல்லாவற்றுக்கும் நடுவில் நம்பகத்தை வைக்கிறது. வாத்ஸ்யாயனர் படித்தால் பழகிய வீட்டுக்குள் நுழைந்ததுபோல் இருந்திருக்கும்.

ஆனால் அனுபவத்தையும் நடிக்கலாம். ‘எங்கள் பாட்டி கைப்பக்குவம்’ என்று எழுத யாருக்கும் காசு செலவில்லை. அப்படியானால் எதைக் கொண்டு பிரிப்பது?

நெல்லைக் கல்யாண வீடுகளின் சொதியை எடுத்துக்கொள்ளலாம். பாசிப்பருப்பு, காய்கறி, தேங்காய்ப்பால். தொட்டுக்கொள்ள இஞ்சித் துவையல். மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் காயை வேகவிடுவார்கள். கெட்டியான முதல் பால் கடைசியில்தான் விழும். விழுந்த பிறகு கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். எலுமிச்சைச் சாறு சட்டியை இறக்கிய பிறகு. ஒரு தரமாவது சொதியைத் திரியவிட்டவர் எழுதும் குறிப்பில் இந்த எச்சரிக்கை இல்லாமல் இருக்காது. இன்னொருவர் எழுதியதைப் பார்த்து எழுதியவர் ‘தேங்காய்ப்பால் சேர்த்துக் கொதிக்கவிடவும்’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுவார். சொதி திரிந்த பிறகுதான் படித்தவருக்கு வித்தியாசம் புரியும்.

இங்கே மீமாம்சை மரபைச் சேர்ந்த மீமாம்சகர் குறுக்கிடுவார். அறிவு தன்னளவிலேயே செல்லும், பொய் என்று தெரியும்வரை நம்பு என்பது அவர் கட்சி. அன்றாட வாழ்க்கை அப்படித்தான் ஓடுகிறது என்பதையும் மறுக்க முடியாது. அம்மா சொன்ன உப்பின் அளவை எந்தப் பிள்ளையும் விசாரணைக்கு உட்படுத்துவதில்லை. நியாய மரபினரான நையாயிகரோ, தண்ணீர் என்று கண்டது தண்ணீர்தானா என்பது குடித்துத் தாகம் தீர்ந்தால் உறுதிப்படும் என்பார். சமையல் குறிப்பின் வழக்கில் நையாயிகரின் பக்கமே வலுவானது. குறிப்பு என்பது செய் என்று சொல்லும் சொல். பொய்யானால், செய்யும்போது சாயம் வெளுத்துவிடும். தெரிந்தவர் யார் என்று தெரியாத இடத்தில் இந்தச் சோதனையை விட்டால் வேறு பிடிமானம் கிடையாது.

நியாய சூத்திரம் இதைக் கொண்டே வேதத்துக்கும் வாதாடுகிறது. மந்திரமும் ஆயுர்வேதமும் சொன்னபடி பலிக்கின்றன, அதனால் அவற்றைச் சொன்னவர் ஆப்தர், அதே முறையில் வேதமும் பிரமாணம், அதாவது நம்பத்தக்க அறிவு வழி, என்பது அந்த வாதம். துணிச்சலான வாதம், ஓட்டையும் அதிலேயே இருக்கிறது. காய்ச்சலுக்குச் சொன்ன கஷாயம் கேட்டது என்பதால் சொர்க்கத்தைப் பற்றிச் சொன்னதும் உண்மையாகிவிடுமா? கஷாயத்தைக் குடித்துப் பார்க்க முடிகிறது. மறுமையைப் பார்த்துவிட்டு வந்து யாரும் ருசி சொல்வதில்லை. ஆகமத்தை உரையளவையாக ஏற்கும் சைவருக்கும் இதற்குப் பதில் சொல்லும் கடமை உண்டு. இறைவன் குற்றமற்ற அறிவுடையவன், ஆகவே அவன் வாக்கு பிரமாணம் என்பது அவர்கள் பதில். இறைவனை ஏற்றுக்கொண்டவருக்கு அது போதும். ஏற்காதவரிடம் வாதத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சமையல் எழுத்திலும் இந்தத் தாவல் தினமும் நடக்கிறது. சொதியைத் திரியாமல் இறக்கத் தெரிந்தவர் அடுத்த வரியிலேயே அது வயிற்றுப்புண்ணை ஆற்றும் என்று எழுதிவிடுகிறார். கருப்பட்டிப் பாகு பதம் சொல்லத் தெரிந்தவர் சர்க்கரை நோயாளி அதைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார். பதம் அவர் கையால் கண்டது. நோயைப் பற்றிய பேச்சு எங்கோ கேட்டது. கருப்பட்டியும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். படிக்கிறவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே பக்கத்தில், ஒரே எழுத்தில் இருக்கின்றன. எது தான் செய்து கண்டது, எது பிறர் சொல்லக் கேட்டது என்று எழுதுகிறவர் அந்தந்த வரியிலேயே சொல்லிவிட்டால், பதத்தை அடுப்பில் வைத்தும் நோயை மருத்துவரிடம் கேட்டும் வாசகர் சரிபார்த்துக்கொள்வார்.