துணையின் தயக்கமும் நேரடி விற்பனையும்

கடையின் இடையீடின்றி, விற்பவரே நுகர்வோரை நேரில் அணுகிப் பொருளைச் சேர்ப்பிக்கும் முறை நேரடி விற்பனை எனப்படுகிறது. இத்தொழிலை வீட்டிலிருந்து தொடங்க விரும்பும் பெண் பல வேளைகளில் முதலில் எதிர்கொள்வது கணவரின் தயக்கத்தையே ஆகும். அதனை ஆதரவின்மை என்று கொள்வது பிழை. பொருள் விற்பதைவிட ஆள் சேர்ப்பதையே வருவாய்க்கு வழியாகக் கொண்ட பிரமிடுத் திட்டங்களில் சேமிப்பை இழந்த குடும்பங்கள் பல இருத்தலின், அத்தயக்கம் பொறுப்புணர்விலிருந்தே பிறக்கிறது.

ஆகவே, வரக்கூடிய வருவாயை விரித்துரைப்பதைவிட, இந்திய அரசு 2021 டிசம்பரில் வெளியிட்ட நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளை இருவரும் சேர்ந்து படிப்பது மிகுந்த பயன் தரும். பிரமிடுத் திட்டங்களையும் பணச்சுழற்சித் திட்டங்களையும் தடைசெய்யும் அவ்விதிகள், விற்பனையாளராகச் சேர்வோரிடம் நிறுவனம் நுழைவுக் கட்டணம் பெறலாகாது என்றும் வரையறுக்கின்றன; எனவே, அத்தகைய கட்டணம் கேட்கும் நிறுவனத்தை மேலும் ஆராயாமலே விலக்கிவிடலாம்.

எஞ்சுவன வீட்டுக் கணக்கைச் சார்ந்தவை: முதலீட்டின் வரம்பு எவ்வளவு, விற்காத சரக்கில் யாருடைய பணம் முடங்கும், விற்பனைக்குச் செல்லும் மாலைகளில் சமையலையும் பிள்ளைகளின் படிப்பையும் யார் கவனிப்பர் என்பன. இவற்றுள் பேசப்படாமலே விடப்படுவதும், பின்னர் மிகுந்த மனக்கசப்பை விளைவிப்பதும் இறுதிக் கேள்வியே. உறவினரிடம் விற்பதால் நேரும் சங்கடம் கணவரையும் சேர்கிறது என்பதால், எவரிடம் விற்பதில்லை என்பதை முன்னரே முடிவுசெய்து, அம்முடிவில் அவருடைய சொல்லுக்கும் இடமளிக்கும் பெண்ணுக்கு ஒப்புதல் எளிதில் வாய்க்கிறது.