நாளுக்கா, வேலைக்கா

காயல்பட்டினத்தில் வீடு கட்டத் தொடங்குகிறவர்களில் பலர், அடிக்கல் நட்ட கையோடு ஹாங்காங்குக்கோ வளைகுடாவுக்கோ திரும்பிவிடுகிறவர்கள். வேலையை நாள் கூலிக்கு விடுவதா, சதுர அடிக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் விடுவதா என்ற பேச்சு அப்போது தவறாமல் எழும். எது மலிவு என்ற கணக்கோடு அது முடிந்தும் விடும். ஆனால் மழையில் வேலை நின்றாலோ, அஸ்திவாரம் தோண்டும்போது ஊற்றுக் கிளம்பினாலோ, அந்த நட்டம் யார் தலையில் விடியும் என்பதைத்தான் இந்த இரண்டு முறைகளும் தீர்மானிக்கின்றன. நாள் கூலியில் அது வீட்டுக்காரருடையது. காண்ட்ராக்டில் மேஸ்திரியுடையது; அவர் வழியாகப் பல நேரம் சித்தாளுடையது.

இந்தக் கரைக்கு இது பழைய வழக்கு. காயலைப் பெரிய துறைமுகமாக எழுதிவைத்த மார்க்கோ போலோ, 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் நடந்த முத்துக்குளிப்பையும் விவரிக்கிறார். ஏப்ரல் முதல் மே பாதிவரை வணிகர்கள் ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். எடுத்ததில் பத்தில் ஒரு பங்கு மன்னனுக்கு. சுறாக்களை மந்திரத்தால் கட்டியவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு. சுறாவைக் கட்டியவருக்குப் பங்கு, சுறா திரியும் கடலில் இறங்கியவருக்குச் சம்பளம்! ஆனாலும் அந்தச் சம்பளத்தில் ஒரு நியாயம் இருந்தது: சிப்பி இல்லாத கடலடிப் பாரில் இறங்கிய நாளும் நாள்தான். பின்னாளில், பிரிட்டிஷ் ஆட்சியில், எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளித்தவர்களுக்கு என்று இருந்தது. கரையேறியதும் தம் பங்கிலிருந்து சிப்பிகளைச் சில்லறையாக விற்றுக் காசாக்கியவர்கள் உண்டு. முத்து இல்லாத ஆண்டில் அவர்களுக்கும் நட்டம். ஆனால் முத்து விளைந்த ஆண்டில் சிப்பியின் ஏலவிலை ஏற, அவர்கள் பங்கின் விலையும் ஏறியது. அரசு நடத்திய சங்குகுளிப்பு வேறு வகை: சங்குக்கு இவ்வளவு என்று கட்டிய விலை. கொண்டுவந்த சங்கை அளவு வளையத்தில் விட்டுப் பார்ப்பார்கள். உள்ளே நுழைந்துவிட்டால் அது சிறுசு, கடலுக்கே திரும்பும். சங்கினம் அழியாமல் காக்க நல்ல விதிதான். ஆனால் அந்தச் சிறு சங்குக்காக அடக்கிய மூச்சுக்குக் காசு கிடையாது. பங்கு முறையில் நட்டத்தோடு யோகமும் சேர்ந்து வருகிறது. கட்டிய விலையில் நட்டம் மட்டும் கைமாறுகிறது.

இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்றான ஷாஃபி மத்ஹபைப் பெரும்பாலும் பின்பற்றும் இந்த ஊரின் சட்ட மரபு, நாளுக்கா வேலைக்கா என்ற கேள்வியைக் கூர்மையாகப் பார்த்திருக்கிறது. 1277இல் மறைந்த இமாம் நவவியின் மின்ஹாஜ் நூல்படி, ஆளை அமர்த்தும்போது காலத்தைக் குறிக்கலாம், அல்லது வேலையைக் குறிக்கலாம். இந்தத் துணியை இன்று பகலுக்குள் தைத்து முடி என்று இரண்டையும் ஒரே பேச்சில் கட்டினால் அது செல்லாது என்பதே அவர் சரியெனக் கொண்ட கருத்து. மற்ற அறிஞர்களிடம் மாற்றுக் கருத்தும் உண்டு. செல்லாது என்பதற்குக் காரணம், வேலை அந்த நேரத்துக்கு முந்தலாம், பிந்தலாம். பிந்தினால் முழுச் சுமையும் தைப்பவருக்கே. இன்றைய காண்ட்ராக்டுகள் பலவும் கேட்பது இந்த இரண்டையும்தான்: விலையும் ஏறக்கூடாது, நாளும் தள்ளக்கூடாது. தவணையே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் மழை நாளைத் தவணையில் கழிக்காதவர் வானத்துக்கும் மேஸ்திரியிடமே கணக்குக் கேட்கிறார்.

நாள் கூலி என்றால் கை மெதுவாகும் என்பார்கள். ஆகும்தான், பக்கத்தில் நின்று பார்க்க ஆளில்லாத வீட்டில் இன்னும் மெதுவாகும். ஆனால் அது மேற்பார்வைக்கு ஆகும் செலவு. அந்தச் செலவை மிச்சம் பிடிக்க வேலைக்காரரின் உடம்பை அடகு வைப்பது நியாயமாகாது. துண்டுக் கணக்கில் நல்ல கூலி பெறுகிறவர்கள் தம்மை மீறி உழைத்துச் சில ஆண்டுகளில் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று ஆடம் ஸ்மித் 1776இலேயே எழுதினார். கூலி குறைவானால் கேட்கவே வேண்டாம். வேலைக்காரர்களே காண்ட்ராக்டைத்தானே விரும்புகிறார்கள் என்ற கேள்விக்கு வலு அதிகம். கைவேகம் உள்ள கொத்தனாருக்குப் பூச்சு வேலையைச் சதுர அடிக்குப் பேசுவது லாபம், யாரும் தலைக்கு மேல் நிற்கமாட்டார்கள். அவர் கையிலேயே இருக்கிற வேலைக்கு அது சரியான முறையும்கூட. கலவை சுமக்கும் பெண்ணுக்கு அந்த லாபம் போய்ச் சேருகிறதா என்பதுதான் சிக்கல். 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் இதற்கு வழி வைத்தது: துண்டு வேலை செய்கிறவருக்கும் நேரக் கணக்கில் இவ்வளவுக்குக் குறையாத கூலி என்று உறுதிசெய்ய அதில் இடம் இருந்தது.

ஆகவே மண்ணும் மழையும் முடிவு செய்கிற அஸ்திவாரத்தை நாள் கூலிக்கும், கை முடிவு செய்கிற பூச்சைச் சதுர அடிக்கும் விடலாம். பூசிய பிறகு தண்ணீர் ஊற்றுவதைத் தனியாகப் பேச வேண்டும். சிமெண்ட் பூச்சு ஒரு வாரமாவது ஈரம் காயாமல் இருந்தால்தான் இறுகும். சதுர அடிக் கணக்கு பூசிய அன்றோடு முடிந்துவிடுகிறது. ஆட்கள் அடுத்த வீட்டுக்குப் போயிருப்பார்கள். காலையும் மாலையும் ஹோஸைப் பிடித்து நிற்க ஓர் ஆளுக்கு ஏழு நாள் கூலி தனியே ஒதுக்காவிட்டால் அந்த வேலை யாருடையதும் இல்லை. ஹாங்காங்குக்கு வாட்ஸ்அப்பில் போகும் படத்தில் சுவர் பூசியது தெரியும், நனைத்தது தெரியாது.