அயராமையே அகிம்சை



சீவகசிந்தாமணிக் கதையை அறியாத தமிழ்ச் சமணர் இல்லம் இருக்க இயலாது. உணவைத் தீண்டிய குற்றத்திற்காக அடிபட்டு உயிர் ஊசலாடக் கிடந்த நாயொன்றின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்கார மந்திரத்தை ஓதினான். அவ்வுயிர் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறந்தது. பின்னர்க் கட்டியங்காரன் சீவகனைக் கொல்ல முற்பட்டபோது வந்து காத்தது. திருத்தக்கதேவர் பாடிய இவ்வரலாற்றை வகுப்பறையில் பல ஆண்டுகள் கற்பித்தவள் நான். ஆயினும் அதன் பொருளை என் வீட்டு முற்றத்தில்தான் கற்றேன். அதனை மறையாது கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

பணி ஓய்வுக்குப் பின் இராசிபுரத்தை அடுத்த ஊரில் மகன் வீட்டில் வாழ்ந்து வருகிறேன். அங்கு என் பேரன் குட்டியிலிருந்து வளர்த்த நாய் ஒன்று இருந்தது. சித்திரை மாதத்து நண்பகல். விருந்தினர் வரவிருந்தமையால் அதனைத் தகரக் கொட்டகையில் சங்கிலியால் கட்டியவள் நான். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடந்ததை நான் காணவில்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பேரன் சென்று பார்த்தபோது நாய் சாய்ந்து கிடந்தது. மூச்சு இல்லை.

அவன் பள்ளியில் முதலுதவி பயின்றவன். நாயை நிழலில் பக்கவாட்டில் கிடத்தி, உடம்பெல்லாம் நீரூற்றச் சொல்லி, மார்பை அழுத்தத் தொடங்கினான். அருகிலிருந்த என் கொழுந்தனார், “அண்ணி, ஆயுள் கர்மம் முடிந்துவிட்டது. பையனை விட்டுவிடச் சொல்லுங்கள். சீவகனைப் போல் காதில் மந்திரம் ஓதுங்கள், அது போதும்” என்றார். நான் மந்திரத்தை ஓதினேன். ஆனால், பேரனைத் தடுக்கவில்லை. அவன் கைகள் ஓயும்வரை அழுத்தினான். நாய் பிழைக்கவில்லை. அன்றிரவு அவன், “பாட்டி, நான் சரியாகச் செய்யவில்லையா?” என்று கேட்டான். பிழை செய்தவள் நானாக இருக்க, குற்ற உணர்வு அவனிடம் இருந்தது.

கொழுந்தனார் கூறியது ஆகமத்திற்கு ஒத்ததா என்று பல நாள் சிந்தித்தேன். ஆயுள் கர்மம் உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், உமாஸ்வாமி அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தை நோக்குங்கள். தேவர், நாரகர், அப்பிறவியிலேயே வீடுபேறு அடைவோர் முதலிய சிலரின் ஆயுளே புறக் காரணத்தால் குறையாதது. ஏனைய மனிதர், விலங்குகளின் ஆயுள் நஞ்சு, ஆயுதம், நெருப்பு போன்றவற்றால் இடையில் முறிவதும் உண்டு. ஆகவே, தகரக் கொட்டகையின் வெப்பமும் ஒரு காரணமே. அதைக் கர்மத்தின்மேல் ஏற்றிவிட்டு நான் விலகிக்கொள்ள இயலாது. இன்னோர் உயிரின் ஆயுள் முடிந்ததா என்பதைக் கேவலியே அறிவார். அறியாத நாம் முயல்வதே முறை.

அதே நூலின் ஏழாம் அத்தியாயம் அகிம்சை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது. கட்டுதல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. அவற்றுள் முதலாவதையும் ஐந்தாவதையும் ஒரே நண்பகலில் நான் செய்தேன். கொல்லும் எண்ணம் எனக்கு இல்லை, அயர்வு இருந்தது. அயர்வினால் உயிர்க்கு ஊறு செய்வதே இம்சை என்று நம் ஆசாரியர்கள் வரையறுத்தனர். எனவே, அயராமையே அகிம்சை. உயிர் காக்கும் முறையை முன்கூட்டியே கற்றுவைத்தலும் அயராமையின் பகுதியேயாகும்.

2021ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், பெரம்பலூர் மாவட்டத்தில் நாய்களால் கடிபட்டு மயங்கிய குரங்குக் குட்டி ஒன்றின் மார்பை ஒரு கார் ஓட்டுநர் அழுத்தி, வாயில் ஊதி, மூச்சை மீட்டதை நாடே படக்காட்சியில் கண்டு வியந்தது. ஆனால், அவருடைய இரக்கத்தோடு எச்சரிக்கையும் நமக்கு வேண்டும். வெறிநோய் எச்சில் வழியே பரவும். தடுப்பூசி போடாத நாய்க்கும், கடிபட்ட அல்லது நாமறியாத விலங்குக்கும் வாய்வைத்து ஊதலாகாது. மார்பை மட்டும் அழுத்துக.

உலகக் கால்நடை மருத்துவ வல்லுநர்கள் இதற்கென ‘ரிகவர்’ என்னும் நெறிமுறையை 2012இல் வெளியிட்டு, 2024இல் திருத்தினர். அதன் சாரத்தைப் பாடமாகச் சொல்கிறேன்.

நாய் அழைத்தும் அசையாமல், மூச்சின்றிக் கிடந்தால் மட்டுமே மார்பை அழுத்த வேண்டும். மூச்சிருந்தால் அழுத்தலாகாது. பார்த்து முடிவு செய்யப் பத்துப் பதினைந்து நொடிகளே போதும். நாயைப் பக்கவாட்டில் கிடத்துக. பெரும்பாலான நாய்களுக்கு மார்பின் அகன்ற பகுதியிலும், சிப்பிப்பாறை போன்ற ஒடுங்கிய ஆழ்மார்பு கொண்டவற்றுக்கு முன்னங்கால் முட்டியை ஒட்டிய இதயப் பகுதியிலும் கைகளை வைக்க வேண்டும். நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, மார்பகலத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை அமிழுமாறு அழுத்துக. ஒவ்வொரு முறையும் மார்பு முழுதும் எழும்ப விடுக. தடுப்பூசி போட்ட வீட்டு நாயாயின் 30 அழுத்தங்களுக்குப் பின் வாயை மூடிப் பிடித்து, மூக்கின் வழியே இருமுறை ஊதலாம். இரண்டு நிமிடத்திற்கு ஒருமுறை ஆள் மாறுக. அதற்குள் மற்றொருவர் வண்டிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். நம் பகுதியில் 1985 முதல் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சேலம் மாவட்டம் தலைவாசலிலும் ஒரு கல்லூரி உண்டு. 1962 என்னும் கட்டணமில்லா எண்ணில் கால்நடை அவசர ஊர்தியை அழைக்கலாம்.

இத்தனை செய்தும், மருத்துவமனையிலேயே இதயம் நின்ற நாய்களுள் உயிருடன் வீடு திரும்புவன நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே. பேரனிடம் இதைத்தான் சொன்னேன்: “நீ சரியாகவே செய்தாய். முயற்சி நம்முடையது, பயன் நம்முடையதன்று. பிழை என்னுடையது.” மறுநாள் ஜினபிம்பத்தின் முன் நின்று அதனை ஒப்புக்கொண்டு, கோடையில் எவ்வுயிரையும் கட்டுவதில்லை என்று விரதம் ஏற்றேன்.

ஆகவே, கை உடலைக் காக்கட்டும். நா உயிருக்கு மந்திரம் சொல்லட்டும். இவ்விரண்டிற்கும் பகையில்லை. முதுமையாலும் நெடுநோயாலும் அடங்கும் நாயை மட்டும் அழுத்தி வருத்தாமல், அருகமர்ந்து மந்திரம் ஓதி அமைதியாக விடைகொடுப்போம். சீவகனும் நாயைக் கடந்து செல்லாமல் அதன் அருகில் நின்றானன்றோ!

இக்கோடையில் உங்கள் வாயிலில் ஒரு சட்டி நீர் வையுங்கள். மாலையில் ஒருமுறை சென்று, அது கவிழ்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஜீவதயை வளர்க! ஜினதருமம் ஓங்குக!