குளிர்காலக் கணக்கு

குறைந்த செலவில் வெளிநாடு போய்வருவதை ஒரு சாமர்த்தியமாகவே நாம் பேசிவருகிறோம். எந்த மாதத்தில் விமானக் கட்டணம் இறங்கும், எந்த ஊரில் அறை வாடகை பாதியாகும், எந்தத் தேதிகளைத் தவிர்க்கவேண்டும் என்பதெல்லாம் தெரிந்தவன் விவரஸ்தன், தெரியாதவன் ஏமாளி. இந்தப் பேச்சில் அறம் சம்பந்தப்பட்டது ஏதும் இருப்பதாக யாருக்கும் தோன்றுவதில்லை. எனக்கோ, சொற்பப் பணத்தை வைத்துக்கொண்டு ஒருவன் பயணத்துக்குத் திட்டமிடும் அந்தக் காகிதம், அவன் எழுதக்கூடிய வேறெதையும்விட அவனை அதிகமாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்று படுகிறது. எதை வெட்டுகிறான், எதை வெட்ட மறுக்கிறான், வெட்டியதன் பாரம் யார் தலையில் போய் விழுகிறது என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

வழக்கமான ஆட்சேபணையை முதலில் பார்த்துவிடலாம். இல்லாதவர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டில் கடல் கடந்து ஊர் பார்க்கப் போவதே அநியாயம் என்பது அது. இதைச் சொல்பவர்கள் ஒரு கல்யாண மண்டபத்தின் ஒருநாள் வாடகையைப் பற்றி இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. நகைக்கடை வாசலில் நின்றும் கேட்பதில்லை. சுற்றத்தார் சாட்சியாக இருந்து பார்க்காத செலவு எதுவோ அதுவே நமக்கு ஊதாரித்தனம். ஆனால் ஆட்சேபிப்பவன் போலி என்பதால் ஆட்சேபணை பொய்யாகிவிடாது. அந்தப் பணத்துக்கு வேறு உபயோகங்கள் இருக்கத்தான் செய்கின்றன. எதற்காகப் போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால் மட்டுமே அதை எதிர்கொள்ள முடியும். பெரும்பாலான பயணங்களுக்கு அப்படி ஒரு பதில் கிடையாது.

உதாரணத்துக்கு ஒரு ஊரை எடுத்துக்கொள்கிறேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் நண்பர் ஒருவர் வரும் ஜனவரியில் வெனிஸுக்குப் போக வேண்டுமென்று ஓராண்டாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார். (இவ்விதழின் வாசகர்களில் எத்தனை பேருக்கு இது சாத்தியம் என்று கேட்கலாம். அவருக்கும் ஏறக்குறைய சாத்தியமில்லை. அதனாலேயே அவர் கணக்கு எனக்குச் சுவாரஸ்யமாக இருக்கிறது.) ஏன் ஜனவரி? கிறிஸ்துமஸ் கூட்டம் ஜனவரி 6ஆம் தேதிப் பண்டிகையோடு கலைந்துவிடும். கார்னிவல் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரியிலோதான் தொடங்கும். இடைப்பட்ட சில வாரங்களில் அந்த ஊரை யாரும் விரும்புவதில்லை. மூடுபனி, எலும்பைத் தொடும் ஈரம், ஐந்து மணிக்குள் அஸ்தமனம். விலை இறங்குகிறது.

நண்பருக்கு இந்த யோசனை வந்தது பிராட்ஸ்கியிடமிருந்து. 1972இல் சோவியத் நாட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட ஜோசப் பிராட்ஸ்கி, அமெரிக்காவில் வாத்தியார் வேலை பார்த்துக்கொண்டு, அந்தக் குளிர்காலத்திலேயே முதல் தடவையாக வெனிஸுக்குப் போனார். பிறகு பல ஆண்டுகள், பெரும்பாலும் கல்லூரியின் குளிர்கால விடுமுறையில், திரும்பத் திரும்பப் போனார். கோடையில் அங்கு காலடி வைப்பதை அவர் அருவருத்தார். 1989இல் அந்த ஊரைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல்தான் 'வாட்டர்மார்க்'. அவரை எழுதச் சொன்னது, வெனிஸுக்குள் கடல் புகாமல் தடுக்கும் கதவுகளைக் கட்ட ஏற்பட்ட நிறுவனங்களின் கூட்டமைப்பு என்பது ஒரு வேடிக்கையான விவரம். தண்ணீரைத் தடுப்பவர்கள் தண்ணீரைக் காதலித்தவனிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள். 1996இல் நியூயார்க்கில் இறந்தவரின் உடல் அடுத்த ஆண்டு வெனிஸின் சான் மிக்கேல் தீவில் புதைக்கப்பட்டது.

குளிர்காலம் அவருக்கு மலிவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் அவர் அங்கே தேடிப்போனது வேறு. கோடையில் அந்த ஊர் நமக்காக நடிக்கிறது. ஜனவரியில் அது நம்மைப் பொருட்படுத்துவதில்லை. பாதிக் கடைகளில் கதவு சாத்தியிருக்கும். மீன் வாங்க வந்த கிழவி பாலத்தின் படிகளில் தள்ளுவண்டியை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டு போவாள். நாம் அவள் வழியில் நிற்கும் ஒரு இடைஞ்சல். நம்மை வேண்டாத ஓர் இடத்தில் இருந்து பார்ப்பது பயணத்தில் கிடைக்கும் மிக அபூர்வமான அனுபவம் என்று நினைக்கிறேன். பணம் அதிகமிருந்தால் இது கிடைக்காது. பணம் உள்ளவனை எந்த ஊரும் எந்தப் பருவத்திலும் வேண்டும் என்றே சொல்லும்.

இதுவரை சிக்கனத்தின் பக்கம் பேசினேன். சங்கடம் இனிமேல்தான்.

விலை தானாக இறங்குவதில்லை. யாருக்கோ வேலை குறைந்திருக்கிறது, அதனால் நமக்கு அறை மலிந்திருக்கிறது. வெனிஸுக்கு எதிர்க்கரையில், அதே நகராட்சியைச் சேர்ந்த மெஸ்த்ரே இருக்கிறது. ரயிலில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம். கையில் காசில்லாதவர்கள் அங்கே அறையெடுத்துக்கொண்டு காலையில் தீவுக்குள் போய் இரவு திரும்புவது எல்லா ஆலோசகர்களும் தரும் முதல் உபாயம். அந்த மெஸ்த்ரேயில் வங்கதேசத்தவர் பெரும் தொகையாகக் குடியேறியிருக்கிறார்கள். பக்கத்திலுள்ள மார்கேராவின் கப்பல் கட்டும் தளத்திலும், தீவின் உணவகச் சமையலறைகளிலும், விடுதிகளின் படுக்கை விரிப்புகளிலும் அவர்களுடைய உழைப்பு இருக்கிறது. விடுதி வேலை பருவத்தை நம்பியது. பாதி அறைகள் காலியாக இருக்கும் ஜனவரியில் விரிப்பு மாற்ற எத்தனை கைகள் வேண்டியிருக்கும்? நம் நண்பர் எந்த மாதம் மலிவு என்று கண்டுபிடித்துச் சந்தோஷப்படுகிறாரோ, அது அவர்களில் சிலருக்குக் கையில் காசில்லாத மாதம். அவரும் அவர்களும் ஒரே ரொட்டிக் கடையில் நின்று ஒரே விலையை விசாரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் அதை அனுபவம் என்று எழுதுவார்.

இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் அடைத்துவிடுவது எளிது, சரியல்ல. யாரும் வராத மாதத்தில் வருபவனால் ஒரு கதவாவது திறந்திருக்கிறது. ஆனால் அவன் என்ன வாங்குகிறான் என்று பார்க்கவேண்டும். தீவில் நடந்தால் காசில்லை. படகு பஸ்ஸில் ஏறினால் எழுபத்தைந்து நிமிஷத்துக்கு ஒன்பதரை யூரோ, ஆகவே ஏறுவதில்லை. காப்பியை மேஜையில் உட்காராமல் நின்றுகொண்டு குடித்தால் விலை குறைவு, ஆகவே நிற்கிறான். கையில் ரொட்டியும் சீஸும் கொண்டுவருகிறான். பகலெல்லாம் அந்த ஊரின் கல்லையும் பாலத்தையும் தேய்த்துவிட்டு அதற்கென்று ஏறக்குறைய ஒன்றும் வைக்காமல் இரவில் ரயிலேறிவிடுகிறான். இப்படிப் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களிடம் வாங்கவென்றே 2024 ஏப்ரலிலிருந்து அந்த நகராட்சி ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் விதித்துப் பார்த்தது. அதுவும் வசந்தத்திலும் கோடையிலும் குறிப்பிட்ட நாட்களுக்குத்தான். ஜனவரிக்கு இல்லை.

தீவிலேயே தங்கிவிட்டால்? அங்கே வேறொரு கணக்கு. 1951இல் வெனிஸின் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் வசித்தார்கள். 2022இல் அது 50,000க்குக் கீழே போய்விட்டது. ரியால்டோவுக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடையின் ஜன்னலில் மீதமிருப்போர் எண்ணிக்கையைக் காட்டும் மின்பலகை 2008இலிருந்து இருந்துவருகிறது. நோயாளியின் ஜுரத்தைக் குறித்துவைப்பது போல. 2023இல் பயணிகளுக்கான படுக்கைகளின் தொகை குடியிருப்போரின் தொகையைத் தாண்டியது. சமையலறையோடு கூடிய மலிவான வீடு என்று நமக்குக் கிடைப்பது ஒரு குடும்பம் வாடகைக்கு எடுத்திருக்கக்கூடிய வீடு. அங்கே நாமே அரிசி வடித்துச் சாப்பிட்டு மிச்சப்படுத்தும் பணம், அந்தக் குடும்பம் கரையேறிப்போனதால் நமக்குக் கிடைத்த மிச்சம். விருந்தினர் அறைகளை வாடகைக்கு விடும் கன்னிமாடங்கள் சில உண்டு. வாடகையும் சுமார், யாரையும் வெளியேற்றிய அறைகளும் அல்ல. இரவு நேரம் கழித்துத் திரும்ப முடியாது என்பதுதான் கஷ்டம். பனியில் இரவு எங்கே போகப்போகிறோம்?

இதெல்லாம் அங்கே போய்ச் சேர்ந்த பிறகு வரும் விஷயங்கள். அதற்கு முன்பே, வாசலிலேயே, ஒரு பரீட்சை இருக்கிறது. ஷெங்கன் விசாவுக்குக் கட்டணம் 90 யூரோ. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி எடுக்கவேண்டும். திரும்பும் டிக்கெட், தங்குமிடம், வங்கிக் கணக்கு எல்லாம் காட்டவேண்டும். கையில் எவ்வளவு இருந்தால் ஒருவன் கௌரவமான அந்நியன் என்பதற்கு இத்தாலிய அரசு ஓர் அட்டவணையே வைத்திருக்கிறது. ஐந்து நாள்வரை தங்கும் தனியாளுக்கு மொத்தமாக 269.60 யூரோ. ஆறிலிருந்து பத்து நாள் என்றால் நாளொன்றுக்கு 44.93 யூரோ. இந்த விசித்திரமான தசமப் புள்ளிகளுக்குக் காரணம், 2000ஆம் ஆண்டின் அந்த உத்தரவு பழைய லீராவில் போட்ட முழு எண் 87,000 என்பது. லீரா போயே போய்விட்டது. வறுமைக்கு அன்று போட்ட எல்லைக்கோடு மட்டும் யூரோவாக மாறி நிற்கிறது.

தொகை பெரிதல்ல. ஆனால் அதிகாரி பார்ப்பது அந்தத் தொகையை அல்ல, கணக்கின் பல மாத நடமாட்டத்தை. ஆகவே விண்ணப்பிக்கும் முன் மைத்துனரிடமோ நண்பரிடமோ வாங்கி லட்சங்களைக் கணக்கில் போட்டுவைப்பது, விசா வந்ததும் திருப்பிவிடுவது என்பது நம்மவரிடையே சாதாரணம். விடுதி அறைகளைப் பதிவுசெய்து அனுமதி கிடைத்த மறுநாள் ரத்துசெய்வதும் அப்படியே. இதில் பொய் இருக்கிறதா என்று நண்பர் கேட்டார். இருக்கிறது என்றேன். சந்தேகப்படும் கதவிடம் சொல்லும் பொய்யும் பொய்தானா என்றார். பணக்காரனிடம் இந்தக் கதவு பொய்யை எதிர்பார்ப்பதில்லை, ஏழையைப் பொய்யனாக்கிவிட்டு அவனையே பொய்யன் என்று சந்தேகிக்கிறது என்பது அவர் வாதம். அதில் நியாயமிருக்கிறது. ஆனால் அந்த நியாயம் கதவின் மீது குற்றம் சாட்டப் போதுமானது. அவரை விடுவிக்கப் போதாது. தன்னை இல்லாத ஒருவனாகக் காட்டிக்கொண்டு உள்ளே போகிறவன், உள்ளே போய் எதைத் தன் கண்ணால் பார்ப்பான்?

1970களில் இந்தியன் வெளிநாடு போகும்போது, பெரும்பாலோருக்கு, எட்டு டாலருக்கு மேல் கையில் கிடையாது. அரசே நம்மைப் பிச்சைக்காரர்களாக அனுப்பிவைத்தது. அன்று போனவர்கள் அங்கே யார் வீட்டிலாவது தங்கினார்கள். தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களின் கூடத்தில் படுத்தார்கள். அந்த வறுமை உறவைக் கட்டாயமாக்கியது. இதன் உச்சத்தை 1962இல் தில்லியிலிருந்து நடக்கத் தொடங்கிய சதீஷ் குமாரிடமும் ஈ. பி. மேனனிடமும் பார்க்கலாம். அணு ஆயுதத்துக்கு எதிராக மாஸ்கோ, பாரிஸ், லண்டன், வாஷிங்டன் என்று போன அவர்களுக்கு வினோபா சொன்ன யோசனை, கையில் காசு கொண்டுபோகாதே என்பது. காசிருந்தால் சத்திரத்தில் படுத்துவிடுவாய், இல்லாவிட்டால் ஒருவன் கதவைத் தட்டியாக வேண்டும். சோவியத் நாட்டில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை வாசலில் சந்தித்த பெண்கள் நான்கு தலைநகரங்களுக்கும் கொடுக்கச் சொல்லி நான்கு பொட்டலம் தேயிலை தந்தார்கள்.

காசே இல்லாதவன் விருந்தாளி ஆகிறான். நிறைய உள்ளவன் வாடிக்கையாளன். கொஞ்சமாக உள்ளவன்தான் பேரம் பேசுபவனாகிறான். அவன் பார்வையில் படுவதெல்லாம் விலையாகிறது. பட்ஜெட் பயணத்தின் ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். எதையும் வாங்காமலேயே ஒருவன் முழுநேரமும் விலையை யோசித்துக்கொண்டிருக்க முடியும்.

நம் மொழியில் ஏழைகளின் பயணத்துக்கு ஓர் இலக்கிய வகையே இருப்பதை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. ஆற்றுப்படை, பரிசில் பெற்று வரும் பாணன் பெறாத பாணனுக்கு வழி சொல்வது. பெரும்பாணாற்றுப்படையில் காஞ்சிவரை போகும் வழியில் எயினர் குடியில், ஆயர் குடியில், உழவர் குடியில், வலைஞர் குடியில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்ற விவரம்கூட இருக்கிறது. இதைவிட முழுமையான சிக்கனப் பயணக் கையேடு இருக்க முடியாது. ஆனால் அந்தப் பாணன் யாழோடு போகிறான். கொடுக்க அவனிடம் ஒன்று இருக்கிறது. நம்மிடம்? நான் கவனிக்கிறேன், அதுவே என் பரிசு என்று எழுதுகிறவர்கள் சொல்லிக்கொள்வதுண்டு. பிராட்ஸ்கி ஒரு புத்தகம் கொடுத்தார். நாம் ஒரு பயணக் கட்டுரை எழுதி, அதை வெனிஸில் யாரும் படிக்கப்போவதில்லை என்பது தெரிந்திருந்தும், கடன் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்வது கொஞ்சம் அதிகம்.

நண்பரின் திட்டத்தில் இப்போது சில மாற்றங்கள். ஃப்ளாரன்ஸும் ரோமும் போய்விட்டன. அவை அவர் பார்க்க விரும்பியவை அல்ல. டிக்கெட் எடுத்தாயிற்றே என்பதால் சேர்ந்துகொண்டவை. மெஸ்த்ரே அறையை அடித்துவிட்டுக் கன்னிமாடத்துக்கு எழுதியிருக்கிறார். நாளுக்கு ஒரு வேளையாவது மேஜையில் உட்கார்ந்து, பரிமாறுகிறவரின் முகத்தைப் பார்த்துச் சாப்பிடுவது என்று ஓர் இனம் சேர்ந்திருக்கிறது. அதற்கு ஈடாகக் கோட்டு இரவல். வங்கியில் போட்டிருந்த மைத்துனரின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பத்து நாள் ஐந்தாகியிருக்கிறது, அட்டவணைப்படி 269.60 யூரோ. சொந்தக் கணக்கை அப்படியே காட்டப்போகிறார். விசா கிடைப்பது சந்தேகம்தான் என்று தரகர் சொல்லிவிட்டார்.