நூலகத்துக்காகக் கடன்படலாமா?

தமிழிலே கடன் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பிக் கொடுக்கவேண்டிய பணமும் கடன். ஒருவர் தவறாது செய்யவேண்டிய கடமையும் கடன். பழைய நூல்களிற் பின்னைய பொருள் பெரிதும் பயின்று வருவதைத் தமிழ் மாணவர் அறிவர். இவ்விரு பொருளும் ஒன்றையொன்று சந்திக்கும் இடமொன்றை இங்கு ஆராய விரும்புகின்றோம். ஒரு நகரத்து மக்கள் தம் பொது நூலகங்களை விரிவாக்குவதற்காகக் கடன்படலாமா? படலாமெனின், அக்கடனை நாளை இறுக்கப்போகும் பிள்ளைகளின் சம்மதத்தை யார் பெறுவது?

ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள சியாற்றில் நகர மக்களிடம் இவ்வினாவின் முதற்பகுதி இருமுறை வாக்குச்சீட்டிலே கேட்கப்பட்டது. 1994ஆம் ஆண்டில், 15 கோடி 50 இலட்சம் டொலர் கடன்பெற்று நூலகங்களைக் கட்டலாமா என வினவியபோது, வாக்களித்தோருள் 57 வீதத்தினர் ஆம் என்றனர். எனினும் தீர்மானம் தோற்றது. அம்மாநிலச் சட்டப்படி இத்தகைய கடனுக்கு 60 வீத ஆதரவு வேண்டும். நான்கு ஆண்டுகளின் பின், 1998 நவம்பரில், 19 கோடி 64 இலட்சம் டொலருக்கான புதிய திட்டம் முன்வைக்கப்பட்டது. ‘அனைவருக்கும் நூலகங்கள்’ என்பது அதன் பெயர். வாக்கெடுப்புக்கு முன்னர், நகர நூலகத்தின் தலைவராயிருந்த டெபோரா ஜேக்கப்ஸ் பகுதிதோறும் மக்களைச் சந்தித்து, எவ்விடத்தில் எது கட்டப்படும் என்பதை விளக்கினார். இம்முறை ஏறத்தாழ 69 வீதத்தினர் ஆதரித்தனர். 2004ஆம் ஆண்டிற் புதிய மத்திய நூலகம் திறக்கப்பட்டது. நூலகமே இல்லாதிருந்த நான்கு பகுதிகளிற் புதிய கிளைகள் எழுந்தன. ஏனைய 22 கிளைகள் புதுக்கப்பட்டன, விரிக்கப்பட்டன, அல்லது முற்றாக மாற்றிக் கட்டப்பட்டன. 2008ஆம் ஆண்டிற் பணி நிறைவுற்றது.

இக்கடன் இயங்கும் முறை எளிது. மாநகரசபை பிணைமுறிகளை விற்கின்றது. பணமுடையோரும் நிதி நிறுவனங்களும் அவற்றை வாங்குகின்றனர். அப்பணத்தாற் கட்டடம் எழுகின்றது. முதலும் வட்டியும் பல ஆண்டுகளிற் சிறிது சிறிதாகத் திருப்பிக் கொடுக்கப்படுகின்றன. அதற்கென வீடு, நிலம் முதலியவற்றின் மீது மேலதிக வரி அறவிடப்படுகின்றது. எமது ஊர்களில் நாம் சோலைவரி என்று வழங்குவதோடு ஒப்பிட்டு இதனை விளங்கிக்கொள்ளலாம். கடன், வரி என்னும் இரண்டுக்கும் வாக்காளரின் சம்மதம் முன்கூட்டியே பெறப்படுகின்றது என்பதே இம்முறையின் சிறப்பு.

இனித் தடைகளை நோக்குவோம். முதலாவது தடை, பிறவாத தலைமுறையின் சார்பில் எழுப்பப்படுவது. 1789ஆம் ஆண்டு தோமஸ் ஜெபர்சன், ஜேம்ஸ் மடிசனுக்கு எழுதிய கடிதமொன்றில் இதனை ஆராய்ந்தார். உலகம் வாழ்வோர்க்கே உரியது. இறந்தோர் அதன்மீது அதிகாரம் செலுத்துதல் ஆகாது. ஆதலின் ஒரு தலைமுறை தன் காலத்துக்கு அப்பாலும் நீளும் கடனை அடுத்த தலைமுறையின் தலையிற் சுமத்தலாகாது என்பது அவர் வாதம். ஒரு தலைமுறையின் காலத்தை 19 ஆண்டுகள் என்றும் அவர் கணக்கிட்டார்.

வாதம் வலியது. ஆயினும், எழுதியவரின் வாழ்வு அதற்கு எழுதிய உரை வேறு. 1815ஆம் ஆண்டில் அவர் தமது 6,487 நூல்களை 23,950 டொலருக்கு நாட்டின் கொங்கிரசுக்கு விற்றார். அதிலொரு பகுதி அவரது கடன்களைத் தீர்க்கச் சென்றது. அந்நூல்களே இன்று உலகப் புகழ்பெற்ற கொங்கிரஸ் நூலகத்துக்கு மறுவாழ்வு அளித்தவை. 1826இல் அவர் இறந்தபோதும் கடன் தீரவில்லை. அடுத்த சனவரியில் அவருடைய மொண்டிசெல்லோ பண்ணையில் அடிமைகளாயிருந்த 130 மாந்தர் ஏலத்துக்கு விடப்பட்டனர். அக்கடனை வாங்கியோர் அவர்களல்லர். அதனால் எழுந்த மாளிகையும் வாங்கிய பொருள்களும் அவர்களுக்கு உரியனவாயிருக்கவில்லை. எனினும் அவர்களே விலையாயினர்.

இதிலிருந்து நாம் பெறும் பாடம் யாது? கடன் அடுத்த தலைமுறைக்குச் செல்வது மட்டும் அநீதியாகாது. பயன் ஒருவருக்கும் பாரம் இன்னொருவருக்குமாய்ப் பிரிவதே அநீதி. இன்று கட்டப்படும் நூலகத்தில் நாளைய பிள்ளை அமர்ந்து படிக்கின்றது. அப்பிள்ளை வளர்ந்து வரியின் ஒரு பங்கைச் செலுத்துகின்றது. இங்கே பயனும் பாரமும் ஒரே பாதையிற் செல்கின்றன. அன்றியும், கட்டாமல் விடுவதும் பிறவாதோர் சார்பில் நாம் செய்யும் ஒரு முடிவே. கடனற்ற நகரத்தை நூலகமற்ற நகரமாக அவர்களிடம் கையளிக்கும்போதும் அவர்களை நாம் கேட்பதில்லை. கேட்கமுடியாதவரிடத்து நாம் செய்யக்கூடிய நேர்மை ஒன்றே: சுமையை விட்டுச்செல்வோமாயின், அச்சுமையினும் நெடிது நிலைக்கும் பொருளையும் விட்டுச்செல்லுதல் வேண்டும்.

இரண்டாவது தடை, உடன்படாதோர் சார்பிலானது. நூலகத்தை நாடாத ஒருவர் அதற்கு ஏன் வரி செலுத்தவேண்டும்? இவ்வினாவின் பின்னே நீண்ட வரலாறுண்டு. அந்நாட்டின் சில மாநிலங்களில், கடன் குறித்த வாக்கெடுப்புகளிற் சொத்துடையோர் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. வரி செலுத்துவோர் அவர்களே என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். 1969ஆம் ஆண்டிலும் 1970ஆம் ஆண்டிலும் அந்நாட்டு உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் அவ்விதியைச் செல்லாதாக்கின. வாடகை வீட்டில் வாழ்வோரும் நகரத்தின் வசதிகளைப் பயன்படுத்துவோரே. வீட்டுக்காரர் மீது விழும் வரி வாடகையிலே ஏறி அவர்களையும் வந்தடையக்கூடும். சொத்து என்னும் வாயிற்காவலன் அகற்றப்பட்டமை மக்களாட்சி பெற்ற வெற்றி என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மற்றொரு காவலன் இன்னும் நிற்கின்றான். 1994இல் 57 வீதத்தினர் தோற்றனர். 43 வீதத்தினர் வென்றனர். கலிபோர்ணியாவில் நூலகக் கடனுக்கு மூன்றிலிரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பாடசாலைக் கடனுக்கு 2000ஆம் ஆண்டு முதல் 55 வீதம் போதும். நூலகம் போன்றவற்றுக்கும் அவ்வாறே தளர்த்துவதற்கு 2024 நவம்பரில் முன்வைக்கப்பட்ட திருத்தத்தை வாக்காளர் ஏற்கவில்லை. நெடுங்காலம் கட்டுப்படுத்தும் முடிவுக்கு மிகுந்த சம்மதம் வேண்டும் என்ற எச்சரிக்கையை நாம் எள்ளி நகையாடவில்லை. ஆனால் அவ்வெச்சரிக்கை ஒரு பக்கம் மட்டுமே காவல் செய்கின்றது. நூலகத்தைக் கட்டுவதற்குப் பெரும்பான்மைக்கும் மேற்பட்ட பெரும்பான்மை தேவை. கட்டாதிருப்பதற்கோ சிறுபான்மை போதும். ஏற்கெனவே வீட்டில் நூலுடையவர்க்கு இவ்விதியால் நட்டமில்லை. நூலற்றவரே காத்திருக்கின்றனர்.

கடனும் வேண்டாம், வரியும் வேண்டாம். வள்ளல்கள் கட்டித்தரட்டும் என்பாருமுளர். சியாற்றில் அதனையும் கண்ட நகரமே. 1901இல் அதன் நூலகம் தீக்கிரையானபோது அன்ட்ரூ கார்ணகி பணம் வழங்கினார். 1906இற் புதிய கட்டடம் திறக்கப்பட்டது. உலகெங்கும் 2,500க்கு மேற்பட்ட நூலகங்கள் அவரது கொடையால் எழுந்தன. அவற்றாற் பயன்பெற்றோர் பலர். அதனை மறுப்பது நன்றன்று. ஆனால் 1892இல் அவருக்குரிய ஹோம்ஸ்ரெட் உருக்காலையிற் கூலிக்குறைப்பை எதிர்த்த தொழிலாளர் மீது கூலிப்படை ஏவப்பட்டதையும், உயிர்கள் பலியானதையும் மறப்பதற்கில்லை. கூலியிற் குறைத்ததைக் கொடையாகத் திருப்பித்தரும்போது கொடுப்பவரின் பெயர் வாயிலிற் பொறிக்கப்படுகின்றது. உழைத்தவரின் பெயர் எங்குமில்லை. அன்றியும், கார்ணகி கட்டடத்துக்கே பணம் கொடுத்தார். நிலத்தையும் ஆண்டுதோறும் பராமரிப்புச் செலவையும் ஊரவரே தரவேண்டும் என்பது அவர் நிபந்தனை. கொடையின் அடியிலும் மக்கள் வரியே கிடந்தது.

முற்போக்காளர் எழுப்பவேண்டிய தடை வேறொன்று. பிணைமுறியை வாங்குவோர் யார்? பெரும்பாலும் செல்வந்தரே. இத்தகைய உள்ளூராட்சிக் கடன்களின் வட்டிக்கு 1913ஆம் ஆண்டிலிருந்தே அந்நாட்டு மத்திய வருமானவரி பொதுவாக விதிக்கப்படுவதில்லை. அதாவது, செல்வரிடம் வரியாகப் பெறக்கூடிய பணத்தைக் கடனாகப் பெற்று, அதற்கு வட்டியும் கொடுத்து, அவ்வட்டிக்கு வரிவிலக்கும் அளிக்கின்றனர். ஏழைப் பிள்ளையின் நூலகம் செல்வரின் வருமானமாகவும் ஆகின்றது. இக்குறையை மூடிமறைத்தல் நேர்மையன்று. ஆனால் சவுத் பார்க், டெல்ரிட்ஜ் போன்ற நூலகமற்ற பகுதிகளின் மக்கள் முன் அன்று கிடந்த வாக்குச்சீட்டில் நீதியான வரிமுறை ஒரு தெரிவாக இருக்கவில்லை. இருந்தவை ஆம், இல்லை என்னும் இரண்டே. சமுதாயம் முழுவதும் சீர்ப்படும்வரை பிள்ளைகளின் படிப்பைத் தள்ளிவைக்க எமக்கு உரிமையில்லை. நூலகத்துக்கு வாக்களித்தலும், அந்நூலகத்தில் அமர்ந்து வரிமுறையின் அநீதியைப் படித்தறிதலும் ஒன்றுக்கொன்று முரணானவையல்ல.

வாக்களித்ததோடு கடன் தீர்ந்ததா? இல்லை. பிணைமுறிப் பணம் சுவரையும் கூரையையும் தரும். நூலகரின் சம்பளத்தைத் தராது. 2008ஆம் ஆண்டிற் கட்டடங்கள் நிறைவுற்றன. அதே காலத்திற் பொருளாதார நெருக்கடி வந்தது. 2009இலும் அடுத்துவந்த ஆண்டுகளிலும் செலவைக் குறைப்பதற்காக நகரத்து நூலகங்கள் அனைத்தும் ஆண்டில் ஒரு வாரம் முற்றாக மூடப்பட்டன. ஊழியர்க்கு அவ்வாரச் சம்பளம் இல்லை. பல கிளைகள் திறந்திருக்கும் நாள்களும் குறைக்கப்பட்டன. புதிய கட்டடம், பூட்டிய கதவு! மக்கள் மீண்டும் வாக்களிக்கவேண்டியதாயிற்று. 2012இல், ஏழாண்டுக்கு ஏறத்தாழ 12 கோடி 30 இலட்சம் டொலர் திரட்டும் வரியை அவர்கள் ஏற்றனர். 2019இல், மேலும் ஏழாண்டுக்கு ஏறத்தாழ 21 கோடி 90 இலட்சம் டொலருக்கு ஒப்புதல் அளித்தனர். 2020 சனவரியிலிருந்து, நூலைத் தாமதித்துத் திருப்புவோர் மீதான தண்டப்பணமும் நீக்கப்பட்டது. இவற்றிலே நாம் காண்பது கடன் என்னும் சொல்லின் இரண்டாவது பொருளை. பணக்கடனுக்கு முடிவுநாள் உண்டு, கடமைக்கு இல்லை.

தொலைதேசத்து நகரமொன்றின் வரிக்கணக்கை நாம் ஏன் ஆராயவேண்டும் என வாசகர் வினவலாம். கடன் என்னும் சொல் இந்நாட்டில் இன்று கசப்பான சொல். 2022 ஏப்பிரலில், வெளிநாட்டுக் கடன்களை இறுக்கமுடியாதென அரசு அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்றவர்கள் அக்கடன்களை வாங்கியோரல்லர். 2024 சனவரியிற் பெறுமதி சேர் வரி 18 வீதமாக உயர்ந்தபோது அதனைச் செலுத்தத் தொடங்கியோருள் நாட்கூலிக்காரரும் உளர். எதற்காக, எவ்வளவு, எத்தனை காலத்துக்கு என எந்த வாக்குச்சீட்டிலும் எம்மிடம் கேட்கப்படவில்லை. இவ்வனுபவத்தாற் கடன் யாவும் தீது என்று முடிவுகட்டுவோமாயின், எதிர்காலத்துக்கென எதனையும் கூட்டாகக் கட்டும் துணிவை நாம் இழப்போம்.

தீது, கேளாமல் வாங்கிய கடன். கணக்குக் காட்டாத கடன். இறுப்பவருக்கு ஒன்றையும் விட்டுவையாத கடன். எனவே எந்தக் கடனைக் குறித்தும் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு. இறுப்போரிடம் கேட்டனரா? எதற்கென்று தெளிவாகச் சொன்னனரா? கடன் தீர்ந்தபின்னும் பொருள் நிற்குமா? அதனைப் பேணும் பொறுப்பை யார் ஏற்றனர்? இவற்றை வகுப்பறையில் எழுப்புவதற்குப் பொருளியற் பட்டம் வேண்டியதில்லை. தம் ஊர் நகரசபையின் வரவுசெலவுத் திட்டத்தை வாங்கி, அதிலே நூலகத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு என்று மாணவரைத் தேடச்செய்வோம். வாக்களிக்கும் வயதை அவர்கள் அடையும்போது, கேட்கப்படாத கடனுக்குத் தலைகுனிவோராயன்றி, கணக்குக் கேட்போராய் வளர்ந்திருத்தல் வேண்டும். அவர்களை அவ்வாறு வளர்த்தல் ஆசிரியராகிய எம் கடன்.